விளக்கடிக்கு வந்த பூச்சிக்கு யாரிடம் பெயர் கேட்பது? வேலூர்ப் பக்கத்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு

நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால் போதும். காட்பாடியானாலும் குடியாத்தமானாலும், மறுநாள் ராத்திரி வாசல் விளக்கடியில் விட்டில்கள், அதாவது அந்துப்பூச்சிகள், மொய்க்கத் தொடங்கிவிடும். போனில் படம் எடுப்பது நொடி வேலை. அதற்கு அப்புறம்தான் திண்டாட்டம். கூகுளைக் கேட்டால் ஒரு பெயர், செயலியைக் கேட்டால் வேறொரு பெயர், வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மூன்றாவதாக ஒரு பெயர். எதை நம்புவது?

பெயர் எதற்காக வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டால், எந்த வழி என்பது பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். சும்மா தெரிந்துகொள்ளும் ஆசை ஒன்று. கழனியிலோ கொல்லையிலோ பயிரைக் காப்பாற்ற வேண்டிய அவசரம் ஒன்று. நம்ம பக்கத்தில் என்னென்ன பூச்சிகள் இருக்கின்றன என்று நிலையாகப் பதிவு செய்யும் எண்ணம் ஒன்று. மூன்றுக்கும் ஒரே வழி சரிவராது. ஒன்றுக்குச் சிறந்தது இன்னொன்றில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

வழிகளைப் பார்ப்பதற்கு முன்னால், இந்த வேலை ஏன் இவ்வளவு கடினம் என்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பட்டாம்பூச்சி இனங்கள் ஏறக்குறைய 1,300. அந்துப்பூச்சி இனங்களோ 10,000-க்கும் மேல். பட்டாம்பூச்சி பகலில் இறக்கையை விரித்து வெயில் காயும், இரண்டு பக்கமும் பார்க்கலாம். அந்துப்பூச்சிகள் பெரும்பாலும் உட்காரும்போது முன்னிறக்கையால் பின்னிறக்கையை மூடிக்கொள்ளும். பல இனங்களில் அடையாளம் இருப்பதே அந்தப் பின்னிறக்கையில்தான். சிலவற்றில் வெளியே தெரியும் அடையாளம் எதுவுமே போதாது. இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

ஓர் உதாரணம். மூக்கிரட்டைக் கொடி மண்டிக்கிடக்கும் இடங்களில் பழுப்பு நிறத்தில், அம்பு முனை போல இறக்கை கூர்ந்த பருந்து அந்துப்பூச்சி ஒன்று விளக்குக்கு வரும். ஹிப்போஷன் பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்) என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். ஆனால் அது ஹிப்போஷன் போயெர்ஹாவியேவா, ஹிப்போஷன் ரொசெட்டாவா என்று கேட்டால், இறக்கை மூடிய ஒரே படத்தை வைத்து வல்லுநர்களே சொல்லத் தயங்குவார்கள். அந்த இடத்தில் "ஹிப்போஷன்" என்று நிறுத்திக்கொள்வதுதான் சரியான விடை. இனப்பெயர் வரை போகாத சரியான பேரினப்பெயர், தவறான முழுப்பெயரைவிடப் பல மடங்கு மேல். இந்த ஒரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் எல்லா வழிகளையும் எடைபோடுகிறேன்: தெரியாத இடத்தில் நிறுத்திக்கொள்ள அந்த வழிக்குத் தெரியுமா?

கூகுள் லென்ஸ்

தெரியாது. லென்ஸுக்கு நிறுத்தத் தெரியாது.

படத்தைக் காட்டினால், இணையத்தில் கிடக்கும் படங்களில் இதைப் போல இருப்பவற்றைக் கொண்டுவந்து கொட்டும். பூச்சி வேலூரில் பிடிபட்டதா அமெரிக்காவில் பிடிபட்டதா என்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வெளிர் பச்சையில் நீண்ட வால் தொங்கும் நிலா அந்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் இருப்பது ஆக்டியஸ் செலீனி. வட அமெரிக்காவில் இருப்பது ஆக்டியஸ் லூனா. இணையத்தில் லூனா படங்கள் ஏராளம். அமெரிக்காவைவிட்டு அது இங்கே பறந்து வராது என்று உங்களுக்குத் தெரிந்தால் தப்பினீர்கள். தெரியாவிட்டால் அந்தப் பெயரே நிலைத்துவிடும்.

அதற்காக லென்ஸை ஒதுக்கச் சொல்லவில்லை. அரளிச் செடியில் கொழுத்த பச்சைப் புழு ஒன்று, தலைக்குப் பின்னால் நீலக் கண் மாதிரி இரண்டு புள்ளிகளோடு உட்கார்ந்திருந்தால், லென்ஸ் பெரும்பாலும் டாஃப்னிஸ் நெரீ என்று சரியாகவே சொல்லும். நந்தியாவட்டையிலும் நித்தியகல்யாணியிலும் அதே புழு வரும். இப்படிப் பெரிதாக, தனித்த அடையாளத்தோடு இருப்பவற்றுக்கு லென்ஸ் போதும். விரல் நகம் அளவுள்ள பழுப்புப் பூச்சிகளுக்கு வேண்டாம்.

ஐநேச்சுரலிஸ்ட்

என் முதல் தேர்வு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் சிலரின் முதுநிலைப் படிப்புத் திட்டமாகத் தொடங்கிய இணையதளம் இது, செயலியாகவும் உண்டு. இன்றைக்கு லாப நோக்கமில்லாத தனி அமைப்பாக இயங்குகிறது. நீங்கள் படத்தை ஏற்றுகிறீர்கள். எங்கே, எந்த நாளில் எடுத்தது என்ற விவரமும் கூடவே போகிறது. கணினி முதலில் சில பெயர்களை முன்வைக்கும். லென்ஸிலிருந்து இது வேறுபடும் இடம் இங்கேதான்: அந்தப் பூச்சி உங்கள் பகுதியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் பெயர்களை வரிசைப்படுத்துகிறது. உறுதி இல்லாவிட்டால் "இந்தப் பேரினம் என்று நினைக்கிறேன்" என்று அதோடு நின்றுகொள்ளவும் அதற்குத் தெரியும்.

அப்புறம் மனிதர்கள் வருகிறார்கள். உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும், ஒரு குடும்பத்தை மட்டுமே வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய ஒருவர் உங்கள் படத்தைப் பார்த்து "ஆமாம்" என்கிறார், அல்லது திருத்துகிறார். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால், அந்தப் பதிவு ஆய்வுத்தரம் என்ற நிலைக்கு உயர்கிறது. அந்தத் தரவை விஞ்ஞானிகள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் வீட்டுச் சுவரில் உட்கார்ந்த பூச்சி ஓர் ஆய்வில் ஒரு புள்ளியாகப் போய்ச் சேர்கிறது. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி உண்டு.

குறைகளும் உண்டு. முதலாவது, அந்தக் கணினிக்குப் போதுமான படங்கள் சேர்ந்த இனங்களை மட்டுமே தெரியும். அது பழகாத இனம் ஒன்று உங்கள் விளக்கடிக்கு வந்தால், பழகிய ஏதோ ஒன்றின் பெயரைத்தான் சொல்லும், அதையும் தைரியமாகச் சொல்லும். நம்ம பக்கத்திலிருந்து பதிவுகள் குறைவாக இருக்கும் வரைக்கும் இந்தச் சிக்கல் இருக்கும். இரண்டாவது, ஆய்வுத்தரம் என்ற முத்திரை கிடைக்க இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் போதும். முதலில் நீங்கள் கணினி சொன்னதையே அப்படியே தேர்ந்தெடுத்திருப்பீர்கள். இரண்டாவது ஆள் உங்கள் நண்பராக இருந்து, உங்களை நம்பி "ஒத்துக்கொள்கிறேன்" என்று தட்டியிருந்தால், அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. ஒத்துக்கொண்டவர் யார், அந்தக் குடும்பத்தில் அவர் எத்தனை பூச்சிகளுக்குப் பெயர் சொல்லியிருக்கிறார் என்று அவருடைய பக்கத்துக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். மூன்றாவது, காத்திருக்க வேண்டும். பளிச்சென்ற பூச்சிக்கு மணிக்கணக்கில் பதில் வரும். சின்னப் பழுப்புப் பூச்சிக்கு மாதக்கணக்கில்கூட வராமல் கிடக்கும்.

வீட்டிலிருந்தே எடுக்கும் படம் என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். இருப்பிடம் துல்லியமாக வெளியே தெரியும். அதை மங்கலாக்கிக் காட்டும் வசதி இருக்கிறது. குறிப்பாகப் பெண் பிள்ளைகள் தனியாகப் பதிவு செய்யும்போது அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இதே அமைப்பின் சீக் செயலி பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது. கணக்குத் தொடங்கத் தேவையில்லை. கேமராவைக் காட்டினால் குடும்பம், பேரினம், இனம் என்று ஒவ்வொரு படியாக ஏறும், தெரியாத படியில் நின்றுகொள்ளும். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சிக்னல் கிடைக்காத இடத்திலும் கேமராவைக் காட்டிப் பெயர் பார்க்கலாம். ஆனால் மனிதர் யாரும் சரிபார்ப்பதில்லை, பதிவாகவும் நிற்காது. பிள்ளைகளின் ஆர்வத்தைத் தூண்டிவிட அருமையான கருவி. அதைத் தாண்டி அதன்மேல் பாரம் ஏற்ற வேண்டாம்.

மாத்ஸ் ஆஃப் இந்தியா

இந்த இணையதளம் பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா தளத்தோடு பிறந்தது. இந்தியாவில், இயற்கையான சூழலில் எடுத்த படங்களை வல்லுநர்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகே ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் தனிப் பக்கம், படத்தோடு இடமும் தேதியும் இருக்கும். நம்பகத்தன்மை என்று பார்த்தால், நான் சொல்லும் இணைய வழிகளில் முதலிடம் இதற்குத்தான்.

ஆனால் இது உங்களுக்காகப் பெயரை ஊகித்துச் சொல்லாது. எந்தக் குடும்பம் என்று தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கும். தெரியாதவர் ஆயிரக்கணக்கான படங்களை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனவே நாலைந்து குடும்பங்களையாவது கண்ணால் பழகிக்கொள்ளுங்கள். தடித்த உடம்பு, ஒடுங்கிய நீண்ட முன்னிறக்கை, பின்னோக்கிச் சாய்த்து உட்காரும் நிலை என்றால் பருந்து அந்துப்பூச்சி, அதாவது ஸ்பிங்கிடே. இறக்கை நான்கையும் சுவரோடு சுவராக விரித்து, ஒரே கோடு முன்னிறக்கையிலிருந்து பின்னிறக்கைக்கு ஓடினால் பெரும்பாலும் ஜியோமெட்ரிடே. இதன் புழுக்கள்தான் முழம் போட்டு நடப்பவை. மெலிந்த சின்ன உடம்பு, நீண்ட கால்கள், முகத்தில் மூக்கு நீண்டது போன்ற உறுப்பு என்றால் கிராம்பிடே. உள்ளங்கையை மறைக்கும் அளவில், ஒவ்வொரு இறக்கையிலும் கண் வரைந்தது போல இருந்தால் சாட்டர்னிடே, பட்டுப்பூச்சிகளின் உறவு. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று அடித்த நிறங்களோடு கூரை மாதிரி இறக்கையை மடித்து உட்கார்ந்தால் எரெபிடே குடும்பத்தின் புலி அந்துப்பூச்சிகளிடம் முதலில் தேடுங்கள்.

இவ்வளவு தெரிந்துவிட்டால், ஐநேச்சுரலிஸ்ட் சொன்ன பெயரை இந்தத் தளத்தில் போய் ஒப்பிடுவது பத்து நிமிட வேலை. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மற்ற இனங்களையும் பாருங்கள். எல்லாமே உங்கள் படத்தைப் போலத்தான் இருக்கின்றன என்றால், பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகங்கள்

ஹாம்சன் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதியின் அந்துப்பூச்சி நூல்கள் நான்கும் 1892 முதல் 1896 வரை வெளிவந்தன. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர் அவர். அவருடைய கண் நம் தென்னிந்தியப் பூச்சிகளில் பழகியது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படங்கள் கறுப்பு வெள்ளை, பெயர்கள் பல மாறிவிட்டன. புதிதாகத் தொடங்குபவர் இதில் கைவைத்தால் சோர்ந்துபோவார். பெயர் ஓரளவு தெரிந்த பிறகு, "பின்னிறக்கையின் அடியில் கறுப்பு இருக்கிறதா இல்லையா" என்று ஒரு வரியைச் சரிபார்க்க மட்டும் இதைத் திறங்கள். பருந்து அந்துப்பூச்சிகளுக்கு மட்டும் பெல்லும் ஸ்காட்டும் 1937-இல் எழுதிய ஐந்தாம் தொகுதி இருக்கிறது. எந்தப் புழு எந்தச் செடியைத் தின்னும் என்பதை அவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறார்கள். எள்ளுக் கொல்லையில் பெரிய பருந்து அந்துப்பூச்சிப் புழுவைப் பார்த்தவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

வாட்ஸ்அப் குழு

வேகம் என்றால் இதுதான். நம்ம ஊர்ப் பூச்சிகளைப் பார்த்துப் பழகிய ஒருவர் குழுவில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அப்படி ஒருவர் இல்லாவிட்டால், குழுவில் வருவது ஊகமும் பயமும்தான். கிரியேட்டோனோடஸ் காங்கிஸ் என்ற புலி அந்துப்பூச்சியின் படம் அடிக்கடி சுற்றுகிறது. ஆண் பூச்சி, பெண்ணை வரவழைக்கும் மணத்தைப் பரப்ப, வால் பக்கமிருந்து மயிர் அடர்ந்த நான்கு நீண்ட குழல்களை ஊதி வெளியே தள்ளும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். புழுவாக இருந்தபோது தின்ற செடியில் ஒருவகை ஆல்கலாய்டு எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்து அந்தக் குழல்களின் அளவு கூடும், குறையும். அது கொட்டாது, கடிக்காது. இந்தப் படத்தை "கொடிய விஷப்பூச்சி, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்" என்று அனுப்புகிறவர்களுக்குத் தயவுசெய்து இதை எடுத்துச் சொல்லுங்கள்.

புழுவின் மயிரோ வேறு கதை. முருங்கை மரத்தில் கூட்டமாக அடையும் கம்பளிப்புழு யூப்டெரோட் மோலிஃபெரா. அதைத் தொடாமல் படம் எடுங்கள், அரிப்பு தாங்காது.

கழனிக்கும் கொல்லைக்கும்

பயிர் விஷயத்தில் மேலே சொன்ன வரிசை தலைகீழாகிறது. இங்கே தவறான பெயருக்கு விலை இருக்கிறது: வீணாகிப்போன மருந்து, வீணாகிப்போன கூலி, போன மகசூல்.

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் 2023-இல் வேலூர் முள்ளுக் கத்திரி என்று புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் கத்திரிக்குப் பெரிய எதிரி தண்டும் காயும் துளைக்கும் புழு, லூசினோடஸ் ஆர்போனாலிஸ். அதன் அந்துப்பூச்சியைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அழகாகவே இருக்கும். இறக்கை விரித்தால் இரண்டு சென்டிமீட்டர் சுற்று. வெள்ளை இறக்கையில் செம்பழுப்புத் திட்டுகள். உட்காரும்போது வயிற்றின் நுனியை மேல்நோக்கி வளைத்துத் தூக்கிக்கொள்ளும். அந்த ஒரு நிலையை வைத்தே பாதி அடையாளம் சொல்லிவிடலாம். ஆனால் விவசாயி இந்தப் பூச்சியைப் பகலில் பார்ப்பது அபூர்வம். அவர் பார்ப்பது வாடித் தொங்கும் நுனிக்குருத்தையும், ஓட்டை விழுந்த காயையும்தான். எனவே படம் எடுக்க வேண்டியதும் அவற்றைத்தான். வாடிய குருத்தைக் கிள்ளி, நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புப் புழுவோடு ஒரு படம் எடுங்கள்.

அந்தப் படத்தைப் பிளான்டிக்ஸ் செயலியில் போடலாம். தமிழில் பேசும், பயிரைச் சொன்னால் பாதிப்பை வைத்து ஊகிக்கும். முதல் ஊகத்துக்கு நல்லது. மருந்து தெளிப்பதா வேண்டாமா என்ற முடிவை மட்டும் அதனிடம் விடாதீர்கள். விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அந்தக் குருத்தையே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், அல்லது 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் கேளுங்கள். புழு தண்டுக்குள்ளேயும் காய்க்குள்ளேயும் இருக்கும்போது மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதே கஷ்டம். வாடிய குருத்தை வாராவாரம் கிள்ளி அழிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும்தான் அடிப்படை வேலை என்பதை நேரில் சொல்லித்தருவார்கள்.

அந்தப் பொறியிலேயே பெயர் கண்டுபிடிக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. ஓர் இனத்தின் பெண் பூச்சி விடும் மணத்தைத்தான் பொறியில் வைக்கிறார்கள். அதனால் அதில் விழுவது பெரும்பாலும் அந்த இனத்தின் ஆண் மட்டுமே. படத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட இது உறுதியான சாட்சி. பொறியில் விழுந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், விளக்கடியில் அதே பூச்சியைப் பார்க்கும்போது கண் பழகியிருக்கும்.

மல்லாட்டை போடுகிறவர்களுக்கு மட்டும் அந்துப்பூச்சியின் படமே முதன்மை. சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சி அம்சாக்டா அல்பிஸ்ட்ரைகா, மழை நனைத்த மண்ணிலிருந்து கூட்டமாக வெளியே வந்து விளக்குக்குப் பறக்கும். புழு தின்னத் தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை அதுதான். அடையாளம் இது: வெள்ளை முன்னிறக்கை முழுக்கப் பழுப்புக் கீற்றுகள், முன் விளிம்பில் மஞ்சள் கோடு, தலையில் மஞ்சள் பட்டை, வெள்ளைப் பின்னிறக்கையில் கறுப்புப் புள்ளிகள். அந்த மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு இருந்தால் அது அதன் உறவான அம்சாக்டா மூரி. இதைப் பார்த்த இரவிலேயே விளக்குப்பொறி வைக்க வேண்டும், அடுத்த சில நாள் இலையடியில் முட்டைக் குவியலைத் தேடிப் பொறுக்க வேண்டும். மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்க இங்கே நேரமில்லை. ஐநேச்சுரலிஸ்ட்டில் போடுங்கள், அது நல்லது. ஆனால் அன்றைக்கே விரிஞ்சிபுரத்துக்கும் போன் செய்துவிடுங்கள்.

மக்காச்சோளத்தில் வரும் அமெரிக்கன் படைப்புழு 2018 மே மாதம் கர்நாடகத்தில்தான் இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. இதற்கும் பூச்சியைவிடப் புழுவின் படமே மேல். முகத்தில் தலைகீழ் ஒய் எழுத்துப் போன்ற வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகள். இந்த இரண்டும் தெரியும்படி இரண்டு படம் எடுத்தால் வேறு யாரையும் கேட்க வேண்டியதே இல்லை.

எந்த வழியானாலும் படம் சரியாக இருக்க வேண்டும்

மங்கலான ஒரே படத்தை ஐந்து இடத்தில் போட்டுக் கேட்பதைவிட, நல்ல நாலு படத்தை ஒரே இடத்தில் போடுவது மேல். நேர் மேலிருந்து ஒன்று, சுவருக்கு இணையாகப் போனைப் பிடித்து எடுத்தது. பக்கவாட்டில் ஒன்று. தலையும் உணர்கொம்பும் தெரிய ஒன்று. உணர்கொம்பு நூல் போல இருக்கிறதா சீப்பு போல இருக்கிறதா என்பதே பல நேரம் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். கண்ணாடி ஜன்னலில் உட்கார்ந்தால் உள்ளே போய் அடிப்பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். அப்படி ஒரு வாய்ப்பு தினமும் வராது. பின்னிறக்கைக்காகப் பூச்சியைப் பிடித்து இறக்கையைப் பிரிக்க வேண்டாம். மெல்லிய குச்சியால் முன்னிறக்கையின் ஓரத்தை லேசாகத் தொட்டால் பல பூச்சிகள் தாமாகவே ஒரு நொடி திறந்து காட்டும். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள்.

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த இடமும் நேரமும் அதிலிருந்து அழிந்துவிடும். யாராவது அனுப்பிய படத்தைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், அதை ஆவணமாக அனுப்பச் சொல்லி மூலப்படத்தை வாங்குங்கள்.

வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கு வைத்துப் பார்க்கிறவர்கள் அமாவாசையை ஒட்டிய இரவுகளைத் தேர்ந்தெடுங்கள், நிலா இல்லாத இரவில் வரத்து அதிகம். இருட்டான வானம் வேண்டும் என்றுதான் காவலூரில் விண்நோக்குக் கூடமே அமைத்தார்கள். அந்த இருட்டு அந்துப்பூச்சிக்காரர்களுக்கும் கொடுப்பினைதான். இரண்டு மூன்று மணி நேரம் போதும், விளக்கை அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரியவிட்டால், களைத்துப்போய் வேட்டியிலேயே ஒட்டிக் கிடக்கும் பூச்சிகளைக் காலையில் மைனாவும் கரிச்சானும் பொறுக்கித் தின்றுவிடும். நமக்குப் பெயர் தெரிய வேண்டும் என்பதற்காக அவை சாக வேண்டாம்.

என் தேர்வு

சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் லென்ஸில் தொடங்கலாம், ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். பிள்ளைகளுக்குச் சீக். பயிருக்கு விரிஞ்சிபுரம் முதலில், செயலி பிறகு. பதிவு செய்ய விரும்புகிறவர் ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றிவிட்டு, வரும் பெயரை மாத்ஸ் ஆஃப் இந்தியாவில் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பேரினத்துக்கு இறங்கிவிட வேண்டும். ஒரே ஒரு வழிதான் பழக நேரம் இருக்கிறது என்றால் ஐநேச்சுரலிஸ்ட். இன்றைக்குத் தவறாகப் போன பெயரை அடுத்த வருடம் வேறொருவர் வந்து திருத்த முடியும் என்பதே காரணம். வாட்ஸ்அப்பில் போன தவறு திரும்பி வராது.

பதிவு செய்கிறவர்களுக்கு நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. பழைய வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது, மிச்சமிருந்த வேலூர் மாவட்டமும் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஜவ்வாது மலை ஒன்றே மாவட்டங்களைத் தாண்டிக் கிடக்கிறது. எனவே இடம் என்ற கட்டத்தில் "ஜவ்வாது மலை" என்று மட்டும் போடாமல் கிராமத்தின் பெயரையும் வரைபடப் புள்ளியையும் கொடுங்கள். பூச்சி உட்கார்ந்த செடியையும் எழுதுங்கள். சந்தனத்துக்குப் பேர்போன அந்த மலையில் இது முக்கியம். பகலில் பறக்கும், குளவி போலத் தோன்றும் அமடா பாசாலிஸின் புழு சந்தன இலையைத் தின்னும். சின்டோமாய்டஸ் இமாவோன் என்ற இன்னொரு பூச்சியோடு அதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். இரண்டுக்கும் இறக்கையில் கண்ணாடி மாதிரி ஜன்னல்கள், வயிற்றில் நிறப்பட்டைகள். அந்த ஜன்னல்கள் எவ்வளவு பெரியவை, பட்டைகள் எந்தெந்தக் கணுவில் இருக்கின்றன என்பது தெரியும்படி, இறக்கை விரிந்த நிலையில் நேர் மேலிருந்து எடுத்த படம் ஒன்று கட்டாயம் வேண்டும். செடியின் பெயர் தெரியாவிட்டால் அதன் இலையையும் பூவையும் ஒரு படம் எடுத்து அதே பதிவில் சேர்த்துவிடுங்கள், அதைப் பார்த்துச் சொல்லவும் ஆள் இருக்கிறார்கள்.